பழைய இரும்பும் ஒரு சுரங்கமே!

பாகலூரிலிருந்து ஓசூருக்குப் பேருந்தில் நாள்தோறும் சென்று வருகிறவன் நான். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்ற மூன்று மொழிகளும் ஒரே பேருந்தில் ஒலிக்கும் எல்லைப்புறம் இது. வழியில் ரோஜாத் தோட்டங்கள் வரும். ஓசூர் நெருங்க நெருங்கச் சிறு பட்டறைகள் வரும். அந்தப் பட்டறைகளில் கடைசல் இயந்திரங்கள் இரும்பைச் சீவும்போது சுருள் சுருளாகத் துகள்கள் விழும். அவற்றை மூட்டை மூட்டையாகக் கட்டிச் சுவரோரம் போட்டிருப்பார்கள். மாலையில் காயலான் கடை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். பல ஆண்டுகளாக இதைப் பார்த்தும் நான் பெரிதாக எண்ணிப் பார்த்ததில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "சார், நம்ம ஓசூர்ல லாரி செய்றாங்க, ஸ்கூட்டர் செய்றாங்க. எல்லாத்துக்கும் இரும்புதானே வேணும்? பிலாய் மாதிரி பெரிய உருக்காலை ஒண்ணு நம்ம பக்கம் எப்ப சார் வரும்?"

நல்ல கேள்வி! அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை. யோசித்துப் பார்த்தபோது, அந்த இரும்புச் சுருள் மூட்டைகளில்தான் பதில் இருக்கிறது என்று தோன்றிற்று. அதைத்தான் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

எண்கள் சொல்லும் கதை

நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவில் ஆண்டு ஒன்றுக்கு உற்பத்தியான எஃகு பத்துப் பதினைந்து லட்சம் டன்னுக்குள்தான் இருந்தது. 1912-ல் எஃகு வார்க்கத் தொடங்கிய ஜாம்ஷெட்பூர் ஆலை அன்று முதலிடத்தில் இருந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் ஆகிய மூன்று ஆலைகள் எழுந்தன. முறையே சோவியத் நாடு, மேற்கு ஜெர்மனி, பிரிட்டன் ஆகியவை உதவி செய்தன. பின்னர் பொகாரோவும் விசாகப்பட்டினமும் வந்தன. தனியார் ஆலைகளும் பெருகின. 2018-ல் இந்தியா ஜப்பானை முந்தி, உலகின் இரண்டாவது பெரிய எஃகு உற்பத்தி நாடாயிற்று. 2024-ல் நம் உற்பத்தி ஏறத்தாழ 14.9 கோடி டன். விடுதலை பெற்ற காலத்தோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ நூறு மடங்கு வளர்ச்சி!

பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆயினும் ஒரு சிறிய வகுத்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 14.9 கோடி டன்னை 145 கோடி மக்களுக்குப் பங்கிட்டால், ஆளுக்குச் சுமார் 103 கிலோகிராம் கிடைக்கும். உலக உற்பத்தியை உலக மக்கள்தொகையால் வகுத்தால் ஏறத்தாழ 230 கிலோ வரும். சீனாவில் இது 700 கிலோவுக்கும் மேல். அதாவது, உலகச் சராசரியில் பாதியைக்கூட நாம் இன்னும் எட்டவில்லை.

பாலம், பள்ளிக்கூடம், ரயில் பாதை, குடிநீர்க் குழாய், மின்கோபுரம் ஆகிய எல்லாவற்றுக்கும் எஃகு வேண்டும். எனவே உற்பத்தி வளரத்தான் வேண்டும். 2017-ல் வகுக்கப்பட்ட தேசிய எஃகுக் கொள்கை, 2030-31-க்குள் ஆண்டுக்கு 30 கோடி டன் உற்பத்தித் திறனை எட்ட வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. இதில் எனக்கு மாறுபட்ட கருத்து இல்லை. ஆனால் அந்த எஃகை எதிலிருந்து செய்யப் போகிறோம்? எங்கே செய்யப் போகிறோம்? அதில் நம் பகுதியின் பங்கு என்ன? இவற்றைப் பற்றித்தான் நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

சேலம் தரும் பாடம்

நம் மாவட்டத்துக்கும் இரும்புக்கும் உள்ள உறவு இன்று நேற்றையதன்று. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றுகளை ஆராய்ந்து, அங்கே கி.மு. 2172-லேயே இரும்பு பயன்பட்டது எனத் தமிழக அரசு 2022-ல் அறிவித்தது. ஈரோட்டை அடுத்த கொடுமணலில் பண்டைக்கால இரும்பு உலைகளை அகழ்ந்து கண்டிருக்கிறார்கள். தென்னிந்தியாவில் மண் மூசைகளில் வடித்த உயர்ந்த எஃகைப் பற்றி மைக்கேல் ஃபாரடேயே ஆராய்ச்சி செய்தார். மின்தூண்டலைக் கண்டறிவதற்குச் சில ஆண்டுகள் முன்பு அவர் செய்த வேலை அது. கொல்லரின் மகனாகிய அவருக்கு நம் எஃகின்மேல் ஆர்வம் பிறந்ததில் வியப்பில்லை அல்லவா?

இவ்வளவு பழைமை இருந்தும் இங்கே ஏன் ஒரு பிலாய் உருவாகவில்லை? சேலத்தை அடுத்த கஞ்சமலையில் இரும்புத் தாது நிறைய இருக்கிறது. அதனைக் கொண்டு உருக்காலை அமைக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் நெடுநாள் கோரிக்கை. 1970 செப்டம்பரில் பிரதமர் இந்திரா காந்தி சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார். ஆனால் 1981-ல் உற்பத்தி தொடங்கியபோது, அது தாதுவை உருக்கும் ஆலையாக இல்லை. வெளியிலிருந்து வந்த எஃகுச் சுருள்களை மெல்லிய தகடுகளாக உருட்டும் ஆலையாகவே இருந்தது. உங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்துக்குரிய துருப்பிடிக்காத எஃகுதான் அதன் சிறப்புப் பொருள். எஃகை உருக்கி வார்க்கும் பிரிவு அங்கே 2010-ல்தான் வந்தது.

காரணம் என்ன? தூய ஹேமடைட் தாதுவில் 70 சதவீதம் இரும்பு. ஒடிசா, ஜார்க்கண்ட் பகுதிகளின் நல்ல தாதுக்களில் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கும். கஞ்சமலைத் தாதுவில் உள்ளதோ சுமார் 35 சதவீதம். மீதியெல்லாம் பெரும்பாலும் குவார்ட்ஸ் கல். மலையை வெட்டி, மாவாக அரைத்து, காந்தத்தால் பிரித்தெடுத்தால்தான் பயன்படும். அரைப்பதற்கு மின்சாரம் வேண்டும். கழுவ நீர் வேண்டும். மிஞ்சும் கல்மாவைக் கொட்ட இடம் வேண்டும். மேலும், ஊதுலைக்கு ஏற்ற கற்கரி தரும் நிலக்கரி நம் மாநிலத்தில் இல்லை. நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி.

நாட்டு அளவிலும் நிலைமை முழுக்கச் சாதகமாக இல்லை. நம்மிடம் இரும்புத் தாது ஏராளம். ஆனால் ஊதுலைக்குத் தேவையான கற்கரி நிலக்கரியில் ஏறத்தாழ 85 சதவீதத்தைக் கப்பலில்தான் வரவழைக்கிறோம். ஆஸ்திரேலியாவில் மழை வெள்ளம் வந்து சுரங்கம் மூடினால், இங்கே எஃகின் விலை ஏறுகிறது!

ஆகவே, அந்த மாணவனுக்கு முதல் பதில் இது: தாதுவும் கரியும் நீரும் இல்லாத ஓசூர் மேட்டில் பிலாயைத் தேடுவது பொருந்தாது. நம்மிடம் இருப்பது எது என்று பார்ப்பதே அறிவுடைமை.

ஆக்சிஜனைப் பிரிப்பதே பெரும் வேலை

சற்று இயற்பியலுக்கு வருவோம். இரும்புத் தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்த சேர்மம். அந்தப் பிணைப்பைப் பிரிக்க ஆற்றல் தர வேண்டும். ஒரு டன் இரும்பை ஹேமடைட்டிலிருந்து பிரிக்கக் குறைந்தது 74 லட்சம் கிலோஜூல் தேவை. உலை எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் இதற்குக் குறைவாக முடியாது.

இப்போது ஒரு டன் பழைய இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் ஆக்சிஜனைப் பிரிக்கும் வேலை என்றோ, யாராலோ, ஏதோ ஓர் ஊதுலையில் செய்து முடிக்கப்பட்டுவிட்டது. நாம் செய்ய வேண்டியது உருக்குவது மட்டுமே. அறை வெப்பநிலையிலிருந்து 1600 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி உருக்க ஏறத்தாழ 14 லட்சம் கிலோஜூல் போதும். அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு! 3600 கிலோஜூல் ஒரு யூனிட் மின்சாரம் என்பது உங்களுக்குத் தெரியும். கணக்கிட்டால் சுமார் 390 யூனிட் வரும். வெப்ப இழப்புகளையும் சேர்த்தால், மின் உலைகளில் ஒரு டன்னுக்கு 500 யூனிட்டுக்கு முன்பின்னாகச் செலவாகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஊதுலையில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு போவது கரி. அது கரியமில வாயுவாக வெளியேறுகிறது. இந்தியாவில் ஒரு டன் எஃகுக்குச் சராசரியாக ஏறத்தாழ இரண்டரை டன் கரியமில வாயு வெளியாகிறது. எஃகைவிட அதன் புகை எடை மிகுந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்! பருவநிலை மாறிவரும் காலத்தில் இது பெரிய சுமை. ஐரோப்பிய ஒன்றியம் 2026 முதல், இறக்குமதியாகும் எஃகுக்கு அதன் கரியமில வாயுக் கணக்கைப் பார்த்துக் கட்டணம் விதிக்கும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. நம் அரசும் 2024 டிசம்பரில் 'பசுமை எஃகு' என்பதற்கு இலக்கணம் வகுத்தது. டன்னுக்கு 2.2 டன்னுக்குக் குறைவாகக் கரியமில வாயு விடும் எஃகே அப்பெயர் பெறும்.

கரிக்குப் பதிலாக ஹைட்ரஜனைப் பயன்படுத்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். பயன்படுத்தலாம். அப்போது வெளிவருவது வெறும் நீராவிதான். சுவீடனில் 2021-லேயே அவ்வாறு இரும்பு செய்து காட்டினார்கள். ஆனால் ஒரு டன் இரும்புக்குக் குறைந்தது 54 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனை நீரிலிருந்து பிரிக்க ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம். 54-ஐ 50-ஆல் பெருக்குங்கள்: 2,700 யூனிட்! மாதம் 100 யூனிட் செலவிடும் வீட்டுக்கு இது 27 மாத மின்சாரம். வருங்காலத்தில் சூரிய மின்சாரம் பெருகும்போது இது நடக்கும், நடக்கவும் வேண்டும். ஆனால் பழைய இரும்பை உருக்குவதற்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

"அவ்வளவு பழைய இரும்பு எங்கே?"

இங்கே நேர்மையாக ஒரு தடையைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் எஃகு உற்பத்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் மின் உலைகளில் நடக்கிறது. பெரும்பாலும் பழைய இரும்பைக் கொண்டு. நாமும் நாளைக்கே அப்படிச் செய்ய முடியுமா? முடியாது. ஏனென்றால் நம்மிடம் அத்தனை பழைய இரும்பு இல்லை.

ஒரு கட்டடத்தில் போட்ட கம்பி ஐம்பது ஆண்டுகள் அங்கேயே இருக்கும். ஒரு லாரி பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடும். சராசரியாக இருபத்தைந்து ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். இன்று திரும்பி வருவது 2000-ஆம் ஆண்டை ஒட்டிச் செய்த எஃகு. அந்த ஆண்டு நம் உற்பத்தி ஏறத்தாழ 2.7 கோடி டன்தான். அது முழுவதும் திரும்பி வந்தாலும், 2024-ன் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. எனவே தாதுவிலிருந்து எஃகு செய்யும் ஆலைகள் இன்னும் பல்லாண்டுகள் தேவைப்படும். அவற்றை மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் அதே கணக்கை முன்னோக்கிப் போட்டுப் பாருங்கள். 2024-ல் செய்த 14.9 கோடி டன் எஃகு எப்போது திரும்பி வரும்? 2050-ஐ ஒட்டி! இன்று பதினைந்து வயதில் இருக்கும் உங்களுக்கு அப்போது நாற்பது வயதாகியிருக்கும். ஆலையை நடத்துபவர்களாகவும், பொறியாளர்களாகவும், சட்டம் இயற்றுபவர்களாகவும் நீங்களே இருப்பீர்கள். அந்தப் பெரிய இரும்பு அலை உங்கள் காலத்தில்தான் வரும். அதற்கு நாடு ஆயத்தமாக இருக்குமா என்பதே கேள்வி.

செம்பு என்னும் சிக்கல்

ஆயத்தம் என்றால் உலைகளைக் கட்டுவது மட்டுமா? இல்லை. வகைப்பிரிக்கக் கற்பதே முதல் ஆயத்தம்.

வகுப்பில் ஒரு சோதனை செய்திருப்பீர்கள். மயில்துத்தக் கரைசலில் இரும்பாணியைப் போட்டால் அதன்மேல் செம்பு படிகிறது. இரும்பு செம்பைவிட வினைத்திறன் மிக்கது என்பது இதன் பொருள். எஃகு உலையில் ஆக்சிஜனை ஊதும்போது கரியும் சிலிக்கனும் எரிந்து விலகும். ஆனால் செம்பு விலகாது. செம்பை எரிப்பதற்கு முன் இரும்பே எரிந்துவிடும்! ஆகவே பழைய இரும்போடு உலைக்குள் போன செம்பு, எஃகிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த முறை உருக்கும்போது இன்னும் கொஞ்சம் சேர்கிறது. செம்பு மிகுந்த எஃகைச் சூடாக உருட்டினால் மேற்பரப்பில் வெடிப்பு விடும்.

ஒரு டன்னில் ஒரு கிலோ செம்பு என்பது 0.1 சதவீதம். கட்டடக் கம்பி இதைவிடக் கூடுதலான செம்பையும் பொறுத்துக்கொள்ளும். காரின் வெளித்தகடு இவ்வளவைக்கூடப் பொறுக்காது. ஒரு பழைய மோட்டாரின் செம்புச் சுருணையைக் கழற்றாமல் அப்படியே நசுக்கி உலையில் போட்டால், நல்ல எஃகு மட்டமான எஃகாகிவிடும். இழப்பு இரண்டு பக்கம்: விலையுயர்ந்த செம்பும் போயிற்று, எஃகின் தரமும் போயிற்று.

ஓசூரில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1980-ல் அசோக் லேலண்டு இங்கே ஆலை திறந்த நாள் முதல் பற்சக்கரம், இருசு, வால்வு செய்யும் பட்டறைகள் பெருகின. அவற்றுக்கு வரும் எஃகு சாதாரண எஃகு அன்று. குரோமியம், நிக்கல், மாங்கனீஸ், மாலிப்டினம் கலந்த உயர்ந்த எஃகு. இத்தகைய சிறப்பு எஃகுகளில் ஒரு பகுதியை நாடு இன்னும் இறக்குமதி செய்கிறது. அவற்றை இங்கேயே செய்ய ஊக்கம் தர 2021-ல் மத்திய அரசு 6,322 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஒருபுறம் இப்படி முயன்றுகொண்டே, மறுபுறம் நிக்கல் எஃகுச் சுருளையும் சாதா இரும்புச் சுருளையும் ஒரே மூட்டையில் கட்டி, ஒரே விலைக்கு விற்கிறோம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பொறியைப் பார்த்துச் சொல்பவர்

ஒரு நாள் நான் பாகலூர்ச் சாலையில் ஒரு காயலான் கடையில் நின்று கவனித்தேன். முதியவர் ஒருவர் இரும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சாணைக்கல்லில் தொட்டு, பறக்கும் தீப்பொறியைப் பார்த்து வகைவகையாகப் பிரித்துப் போட்டார். நீண்ட நேர்க்கோடுகளாகப் பறந்தால் கரி குறைந்த மெல்லிரும்பு. பூவாணம்போல் கிளைத்து வெடித்தால் கரி மிகுந்த எஃகு. குட்டையாகச் செந்நிறத்தில் விழுந்தால் வார்ப்பிரும்பு. "எப்படிக் கத்துக்கிட்டீங்க ஐயா?" என்று கேட்டேன். "கண்ணுதாங்க சார் வாத்தியார்" என்றார்.

அவர் கண்டது உண்மையான அறிவியல். சூடான துகளிலுள்ள கரி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வாயுவாக மாறுகிறது. அந்த வாயு துகளை வெடிக்கச் செய்கிறது. அதுவே பூப்போன்ற பொறி. இன்று கையடக்கமான எக்ஸ்-கதிர்க் கருவிகள் வந்துவிட்டன. துண்டின்மேல் வைத்தால் சில விநாடிகளில் நிக்கல் எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று சொல்லும். ஆனால் அக்கருவியால் கரியின் அளவைக் காண இயலாது. பெரியவரின் கண் அதைக் காணும்! இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்?

அவர் கையில் உறை இல்லை. கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லை. இத்தகையவர்களை நாம் 'காயலான் கடைக்காரர்' என்று சற்று இளப்பமாகச் சொல்கிறோம். நாட்டின் எஃகுத் தொழிலில் அவர் ஒரு தர நிர்ணய அதிகாரி என்பேன் நான். 2010-ல் டில்லி மாயாபுரியில் பழைய இரும்போடு வந்த ஓர் ஆய்வகக் கருவியில் கதிரியக்கக் கோபால்ட்-60 இருந்தது. அதைப் பிரித்தவர்கள் நோயுற்றார்கள், ஒருவர் உயிரிழந்தார். அறிவும் பாதுகாப்பும் கடைசித் தொழிலாளி வரை சென்று சேராவிட்டால், அதன் விலையைக் கொடுப்பவர் அவரே.

செய்ய வேண்டியவை

2019-ல் பழைய எஃகு மறுசுழற்சிக் கொள்கையும், 2021-ல் பழைய வாகனங்களைக் கழிக்கும் கொள்கையும் வந்துள்ளன. இவை நல்ல தொடக்கம். ஆனால் தாளில் உள்ள கொள்கை பட்டறைக்கு வர வேண்டும். என் கருத்தில் மூன்று காரியங்கள் அவசரமானவை.

முதலாவது, ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்பேட்டைகளில் ஒவ்வொரு பட்டறையும் தன் எஃகுச் சுருளை வகை எழுதிய தனித்தனிப் பெட்டிகளில் போட வேண்டும். எந்த எஃகைச் சீவுகிறோம் என்பது சீவும்போதே தெரியும். கலந்த பிறகு பிரிப்பது அரிது. கலக்காமல் இருப்பது எளிது.

இரண்டாவது, ஐ.டி.ஐ.-களிலும் பாலிடெக்னிக்குகளிலும் பழைய உலோகங்களை இனங்காணும் கலையைப் பாடமாக்க வேண்டும். சாணைக்கல்லும் எக்ஸ்-கதிர்க் கருவியும் அருகருகே இருக்கட்டும். அந்தப் பெரியவரைப் போன்றவர்களை ஆசிரியர்களாக அழைக்கட்டும்.

மூன்றாவது, பழைய இரும்புத் தொழிலாளருக்குக் கையுறை, கண்ணாடி, மருத்துவ வசதி, பெரிய கிடங்குகளில் கதிரியக்கம் காட்டும் கருவி ஆகியவை கட்டாயமாக வேண்டும். இவற்றுக்கெல்லாம் புதிய மலை எதையும் வெட்ட வேண்டியதில்லை.

மாணவ நண்பர்களே! இன்று மாலையே ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். எவை ஒட்டுகின்றன, எவை ஒட்டவில்லை என்று பட்டியல் எழுதுங்கள். எவர்சில்வர் பாத்திரங்களில் சில ஒட்டும், சில ஒட்டாது. இரும்பு இருந்தும் ஏன் ஒட்டவில்லை என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். எஃகைப் பற்றிய படிப்பு அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கும்.

அந்தப் பத்தாம் வகுப்பு மாணவன் இதைப் படிப்பானா என்று தெரியாது. படித்தால் அவனுக்கு என் பதில் இதுதான்: தம்பி, பிலாய் போன்ற ஆலை நம் ஊருக்கு வராது, வரவும் தேவையில்லை. ஆனால் நம் ஊரில் ஒரு சுரங்கம் இருக்கிறது. பட்டறைச் சுவரோரம் மூட்டை மூட்டையாக அது கிடக்கிறது. நீ பெரியவனாகும்போது அது மலையளவு வளர்ந்திருக்கும். அதிலிருந்து கட்டடக் கம்பி மட்டும் வருமா, உயர்ந்த பற்சக்கரமும் வருமா என்பது இன்று நாம் அதை எப்படிப் பிரித்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.